ஒன்றரை அடி ரம்பத்துக்குப் பன்னிரண்டு அடி மேசை

அமெரிக்காவில் வீட்டு கராஜில் மரவேலை பண்றவங்களோட பட்டறைப் படங்களைப் பார்த்திருக்கீங்களா? ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். ஒரு பக்கச் சுவர் முழுக்க நீளமா ஒரு மேசை. மேசைக்கு நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்ள, தொட்டில்ல போட்ட குழந்தை மாதிரி ஒரு மைட்டர் ரம்பம். மேசைக்குக் கீழே இழுப்பறைகள், ரம்பத்துக்குப் பின்னாடி மரத்தூளை உறிஞ்ச ஒரு பெட்டி. இந்த மொத்த அமைப்புக்கும் பேர் மைட்டர் ஸா ஸ்டேஷன்.

ரம்பம் என்னவோ ஒன்றரை, மிஞ்சிப்போனா ரெண்டு அடி அகலம்தான். மேசை பத்தடி, பன்னிரண்டடி, இடம் இருக்கறவங்க வீட்டில் பதினாறு அடி கூட. நானும் ஒண்ணு கட்டலாம்னு உட்கார்ந்து பேப்பர்ல கோடு போட ஆரம்பிச்சப்ப எனக்கு வந்த சந்தேகம் இதுதான்: இத்தனூண்டு மெஷினுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய மேசை? அதுவும் இந்த மெஷினோட பெருமையே கையில் தூக்கிட்டுப் போகலாம்ங்கறதுதான். தூக்கிட்டுப் போறதுக்குன்னே செஞ்ச ஒண்ணை சுவரோட சேர்த்துக் கட்டிப்போடறதுல என்ன லாஜிக் இருக்கு?

தேடிப் படிச்சதுல கிடைச்ச பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. மேசை ரம்பத்தை விட மூத்தது. அது வேற ஒரு மெஷினுக்காகப் பிறந்த மேசை. அந்த மெஷின் போயிடுச்சு, மேசை மட்டும் நின்னுடுச்சு. சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுறவங்களுக்கு இது பழகின கதைதான், நாம இதை லெகசின்னு சொல்லுவோம் :-)

முதல்ல மைட்டர்னா என்னன்னு பார்த்துடுவோம். சாமி படத்துக்கு பிரேம் போட்டுத் தர்ற கடைக்கு எல்லாரும் போயிருப்பீங்க. சட்டத்தோட நாலு மூலையிலும் ரெண்டு துண்டு சரிவா வந்து முட்டி நிக்கும் இல்லையா? ஒவ்வொரு துண்டோட முனையும் 45 டிகிரியில் வெட்டப்பட்டிருக்கும். ரெண்டும் சேர்ந்தா 90. அந்த மூலைவெட்டுதான் மைட்டர். பிஷப்புகள் தலையில் வைக்கிற கூம்புத் தொப்பிக்கும் இங்கிலீஷ்ல இதே பேர்தான்.

பார்க்க சுலபம். வெட்டிப் பார்த்தாதான் தெரியும் சேதி. ஒரு சட்டத்துக்கு மொத்தம் எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி ஒரே பக்கமா தப்பினா, மூணு மூலையை இறுக்கி ஒட்டிட்டு நாலாவது மூலைக்கு வரும்போது நாலு டிகிரி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும். இது எல்லாரும் சொல்ற விஷயம். அதிகம் பேசப்படாத இன்னொண்ணு இருக்கு. கோணம் அத்தனையும் கச்சிதமா இருந்தாலும், எதிரெதிர் பக்கத்து ரெண்டு சட்டமும் ஒரே நீளமா இல்லைன்னா மூலை சேரவே சேராது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், கண்ணுக்குத் தெரியும்.

ஆக, இது ரெண்டு பிரச்சினை. ஒண்ணு கோணம், இன்னொண்ணு நீளம். இந்த ரம்பத்தோட சரித்திரம் முழுக்க, கோணத்தை மெஷினுக்குள்ள வெச்சு முடிச்சுட்டாங்க. நீளத்தை மட்டும் எப்பவும் மெஷினுக்கு வெளியில், மேசை தலையில் கட்டிட்டாங்க. நான் சொல்ல வர்ற கதை மொத்தமும் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் விவரம்.

இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் கார்பென்டரி லேப் பண்ணினவங்களுக்கு டெனான் ரம்பம் ஞாபகம் இருக்கும். முதுகில் ஒரு இரும்புப் பட்டை வெச்ச குட்டையான ரம்பம். மூலைமட்டம் வெச்சு பென்சில்ல கோடு போட்டு, வைஸ்ல இறுக்கி, கோட்டோட ஓரமா மூச்சைப் பிடிச்சிக்கிட்டு அறுத்து, கடைசியில் டி-லேப் ஜாயின்ட்ல ஒரு விரல் நுழையற சந்து விட்டு... சரி விடுங்க. கையால கோட்டைப் பிடிச்சு அறுக்கறது எவ்வளவு கஷ்டம்னு சொல்ல வந்தேன்.

அதனாலதான் பழைய ஐரோப்பியத் தச்சர்கள் பெட்டி செஞ்சாங்க. மூணு பலகையைச் சேர்த்து ஒரு தொட்டி. ரெண்டு பக்கச் சுவரிலும் 45 டிகிரியில் எதிரெதிரா பிளவு. மரத்தை உள்ளே வெச்சு, ரம்பத்தைப் பிளவுக்குள்ள விட்டு இழுத்தா ரம்பம் வேற எங்கேயும் போக முடியாது. இதுக்குப் பேர் மைட்டர் பெட்டி. லண்டனில் ஜோசப் மாக்ஸன்னு ஒருத்தர் 1677-ல் இருந்து தவணை முறையில் வெளியிட்ட மெக்கானிக் எக்சர்சைசஸ்ங்கற புத்தகத்தில் தச்சுக் கருவிகளைப் பத்தி எழுதும்போது, மைட்டர் கோட்டைப் போடறதுக்குன்னே இருக்கிற ஒரு மட்டத்தையும் விளக்கியிருக்கார். அதாவது 350 வருஷத்துக்கு முன்னாடியே இந்த வெட்டுக்குன்னு தனி ஆயுதம் இருந்திருக்கு. மாக்ஸன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர். கையால வேலை செய்யறவன் என்ன செய்யறான்னு ஒரு விஞ்ஞானச் சங்கத்து ஆள் மெனக்கெட்டு எழுதி வெச்சது பெரிய விஷயம்னு நினைக்கிறேன். நம்ம ஊர்ப் பட்டறைகளுக்கு அப்படி ஒருத்தர் அப்ப வாய்க்கலையேன்னு ஒரு பெருமூச்சு மட்டும் விட்டுட்டு மேலே போறேன்.

மரப்பெட்டியில் ஒரு தொல்லை. அறுக்க அறுக்கப் பிளவு தேய்ஞ்சு அகலமாகிடும், ரம்பம் உள்ளே ஆட ஆரம்பிக்கும். அப்புறம் 45 எங்க, 46 எங்க. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த லாங்டன் என்பவர் 1864-ல் இதுக்கு ஒரு இரும்பு விடைக்கு பேடன்ட் வாங்கினார். வார்ப்பிரும்புச் சட்டம், ரம்பத்தைத் தாங்கிப் பிடிக்க ரெண்டு பக்கமும் தூண், வேணுங்கற கோணத்துக்குத் திருப்பிப் பூட்டிக்கிற மாதிரி ஒரு கை. அவர் பேரில் ஆரம்பிச்ச கம்பெனி பிற்பாடு மில்லர்ஸ் ஃபால்ஸ்ங்கற கருவி கம்பெனியோட சேர்ந்துடுச்சு. இந்த இரும்புப் பெட்டிகளுக்குன்னே பிலடெல்பியா டிஸ்டன் மாதிரியான கம்பெனிகள் நீளமான முதுகு ரம்பம் செஞ்சு கொடுத்தாங்க. இதில் சிலது இன்னிக்கும் வேலை செய்யுது. பழைய சாமான் விக்கிற இடத்தில் துருப்பிடிச்சுக் கிடக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சா முழிச்சுக்கும்.

கவனிங்க, கோணம் தீர்ந்தது. நீளம்? பெட்டி ஒண்ணும் சொல்லாது. தச்சர் அதை ஒரு நீளமான பெஞ்சில் வெச்சு, வேணுங்கற தூரத்தில் ஒரு கட்டையை ஆணி அடிச்சு நிறுத்திக்குவார். மரத்தோட ஒரு முனை அந்தக் கட்டையில் இடிக்கணும், இன்னொரு முனையில் வெட்டு. பத்துத் துண்டு வேணுமா, பத்துத் தடவை இடிச்சு வெட்டு. டேப்பைத் தொடவே வேண்டாம். இந்த இடிகட்டைக்கு இங்கிலீஷ்ல ஸ்டாப். இந்தக் கதையோட கதாநாயகன் என் கணக்கில் அதுதான், ரம்பம் இல்லை.

இனி கரன்ட் வந்த கதை.

பெரிய மர ஆலைகளில் கரன்டுக்கு முன்னாடியே நீராவியில் ஓடுற ஊஞ்சல் ரம்பம் இருந்தது. மேலே உத்தரத்தில் இருந்து ஒரு சட்டம் தொங்கும், அடியில் வட்ட ரம்பம். ஆள் அதைத் தன் பக்கமா இழுத்து மரத்தைத் துண்டு போடுவார். ஊஞ்சல்ங்கறதால வெட்டு ஒரு வில் மாதிரி வளைஞ்சு போகும். சுழற்சி பெல்ட் வழியா வரணும், பெல்ட் கூரையில் ஓடுற தண்டில் இருந்து வரணும். அதனால மெஷின் எங்க நிக்கணும்னு தீர்மானிக்கிறது தண்டுதான், தச்சர் இல்லை.

நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்டன்ங்கற ஊர்ல சீப்ரூக்னு ஒரு பெரிய காய்கறிப் பண்ணை. அதுக்குச் சொந்தமா ஒரு மர ஆலை. அந்த ஆலையைக் கவனிச்சுக்கிட்டவர் ரேமண்ட் டிவால்ட். ஆமாங்க, இன்னிக்கு மஞ்சள் கறுப்பு டிரில்லிங் மெஷின்ல நீங்க பார்க்கிற அதே டிவால்ட்தான். 1922-ல் அவர் பண்ணின காரியத்தை ஒரு வரியில் சொல்லணும்னா, மோட்டாரைத் தூக்கி ரம்பத்தோட அச்சிலேயே மாட்டினார். பெல்ட் கிடையாது, தண்டு கிடையாது. அந்த மோட்டாரை ஒரு கவட்டையில் தொங்க விட்டு, மேசைக்கு மேலே நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு கையில் முன்னும் பின்னும் ஓடற மாதிரி செஞ்சார். ஊஞ்சல் மாதிரி வளையாம நேர்கோட்டில் போகும். கையைத் திருப்பினா மைட்டர். மோட்டாரைச் சாய்ச்சா சரிவு வெட்டு. கவட்டையை 90 டிகிரி திருப்பினா பலகையை நீளவாக்கில் கிழிக்கலாம். பேர் வொண்டர் வொர்க்கர். 1924-ல் பென்சில்வேனியாவில் லியோலாங்கற சின்ன ஊரில் கம்பெனி ஆரம்பிச்சாங்க. இதுதான் ரேடியல் ஆர்ம் ரம்பம்.

இந்த மெஷினில் எனக்கு முக்கியமாப் படறது அது செய்யற ஒன்பது வித்தை இல்லை. அது எங்கே நிக்குதுங்கறது. ஒரு டேபிள் ரம்பத்தை எடுத்துக்குங்க. அதில் மரம் நகரும், ரம்பம் நிக்கும். எட்டடிப் பலகையைத் தள்ளணும்னா முன்னாடி எட்டடி, பின்னாடி எட்டடி காலி இடம் வேணும். பட்டறைக்கு நட்ட நடுவில்தான் வெக்க முடியும். ரேடியலில் மரம் நிக்கும், ரம்பம் நகரும். அதனால முதுகைச் சுவரோட ஒட்டி வெச்சுடலாம். மரம் சுவருக்கு இணையா, இடமும் வலமும் நீட்டிக்கும். நீட்டிக்கிற மரத்தைத் தாங்க என்ன வேணும்? ரெண்டு பக்கமும் மேசை. அதே உயரத்தில், நீளமா, சுவரோட. பின்னாடி மரம் சாய்ஞ்சு நிக்க ஒரு நீளக் கட்டை, அதுதான் ஃபென்ஸ். அதில் வேணுங்கற இடத்தில் ஒரு ஸ்டாப்.

பன்னிரண்டடி மேசை பிறந்தாச்சு. மைட்டர் ரம்பம் பிறக்க இன்னும் ஒரு நாப்பது வருஷம் இருக்கு.

ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அமெரிக்காவில் வீடு கட்டற வேகத்தைக் கேட்டா தலை சுத்தும். நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன்ல 1947-ல் இருந்து 1951-க்குள்ள சுமார் 17,000 வீடுகள். அங்கே சைட்டில் நின்னு அளந்து அறுக்கறதெல்லாம் இல்லை, கட்டைகள் அளவா வெட்டியே லாரியில் வந்து இறங்கும். ஒரே நீளத்தில் ஆயிரக்கணக்கான துண்டு. அந்தக் காலத்து மரக்கடைகளில் ரேடியல் ரம்பம் குடும்ப உறுப்பினர் மாதிரி ஆனதுக்குக் காரணம் இந்தத் தேவைதான். டிவால்ட் கம்பெனியை 1949-ல் அமெரிக்கன் மெஷின் அண்ட் ஃபவுண்டரி வாங்கினாங்க, 1960-ல் பிளாக் அண்ட் டெக்கர் கைக்குப் போச்சு.

அந்தக் காலத்தில் புது வீடுகளுக்குக் குடிவந்தவங்களில் பல பேருக்கு கராஜோ பேஸ்மென்டோ இருந்தது, சனி ஞாயிறு இருந்தது. சியர்ஸ் கடை இதைச் சரியாப் பிடிச்சுக்கிச்சு. கிராஃப்ட்ஸ்மேன்ங்கற தன் பிராண்டில் எமர்சன் கம்பெனி செஞ்சு கொடுத்த ரேடியல் ரம்பங்களைக் கொண்டு போய் லட்சக்கணக்கான வீடுகளில் இறக்கிட்டாங்க. ஒரே மெஷின், எல்லா வேலையும் செய்யும்னு விளம்பரம். குறுக்க வெட்டலாம், நீளமா கிழிக்கலாம், பள்ளம் தோண்டலாம், உப்புத்தாள் மாட்டித் தேய்க்கலாம்.

இங்கதான் எனக்குக் கோபம் வருது.

குறுக்க வெட்டறதுக்கு அது அருமையான மெஷின். ஆனா அதிலேயே ஒரு குணம் ஒளிஞ்சிருக்கு. மரத்தைத் தொடற இடத்தில் பற்கள் நம்ம கிட்ட இருந்து விலகி ஃபென்ஸ் பக்கமா ஓடும். மரத்தை ஃபென்ஸோட அழுத்திப் பிடிக்கும், அது நல்லதுதான். ஆனா மரம் நகர முடியாததால பற்கள் மரத்து மேல சக்கரம் மாதிரி ஏறி, ரம்பத்தையே நம்மளை நோக்கி இழுத்துக்கிட்டு வரும். நாம இழுக்கறது போதாதுன்னு அதுவும் பாய்ஞ்சு வரும். பழகின ஆளுக்கு மணிக்கட்டில் ஒரு பிடி இருக்கும், வண்டி மாட்டைக் கயித்துல அடக்கற மாதிரி. பழகாதவர்? சனிக்கிழமை சாயங்காலம் ஒரு புத்தக அலமாரி செய்யலாம்னு இறங்கின கணக்காளர்?

நீளவாக்கில் கிழிக்கறது இன்னும் மோசம். பற்கள் சுழல்ற திசைக்கு எதிரா மரத்தைத் தள்ளணும். தப்பான பக்கத்தில் இருந்து தள்ளினா மரம் கையை விட்டுப் பிடுங்கிட்டுப் பறக்கும், சில சமயம் கையையும் கூட்டிக்கிட்டு. சரியான பக்கமா தள்ளினாலும் ரம்பத்தோட மேல் பாதிக்குத்தான் மூடி, பல மாடல்களில் கீழ்ப் பாதி அம்மணம்.

2000 நவம்பரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் எமர்சனும் சேர்ந்து ஒரு திரும்பப் பெறும் அறிவிப்பு கொடுத்தாங்க. 1958-ல் இருந்து 1992 வரைக்கும் சியர்ஸ் வித்த ரேடியல் ரம்பங்களில் 37 லட்சம் மெஷின்கள். காரணம், முழு பிளேடையும் மூடற மூடி இல்லை. ஆணையத்துக்குத் தெரிஞ்சே 300-க்கும் மேல காயங்கள், நிறைய விரல் துண்டானது. சில மாடல்களுக்கு இலவசமா புது மூடி அனுப்பினாங்க. மூடி மாட்ட வழியில்லாத மாடல்னா, மோட்டார் பகுதியைக் கழட்டி அனுப்பினா 100 டாலர்.

இந்த மெஷின் கொலைகாரன்னு ஒரு கட்சி, தெரிஞ்சவன் கையில் அது தேவதைன்னு இன்னொரு கட்சி. டிவால்ட் ரேடியலை மேடையில் செஞ்சு காட்டியே பேர் வாங்கின வாலஸ் கன்கல்னு ஒருத்தர் இருந்தார், பட்டப்பேர் மிஸ்டர் ஸாடஸ்ட். நம்ம பாஷையில் திருவாளர் மரத்தூள். ரேடியலை எப்படி அடக்கறதுன்னு ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார். என் கட்சி எதுன்னா, குறுக்க வெட்டற மெஷினை சகலகலா வல்லவன்னு வித்தவங்க மேலதான் எனக்குக் குறை. ஆலையில் அதுக்கு ஒரு வேலை, அதுக்குன்னே ஒரு ஆள், அந்த ஆளுக்கு அதே வேலையில் வருஷக்கணக்கான பழக்கம். வீட்டுக்கு வந்தப்ப அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வெச்சுத் தர முடியலை.

இதுக்கு நடுவில், 1960-களின் மத்தியில், ராக்வெல் கம்பெனி ஒரு சின்ன சாமானை விட்டாங்க. வட்ட ரம்பமும் மோட்டாரும் ஒரு கீல்ல. மேலே இருந்து கீழே அழுத்தினா வெட்டும், விட்டா ஸ்பிரிங்ல மேலே போயிடும். அடியில் திரும்பற ஒரு வட்ட மேடை, அதில் டிகிரி கோடுகள். கோணத்தைத் திருப்பு, அழுத்து, முடிஞ்சுது. அவங்க அதுக்கு வெச்ச பேரைப் பாருங்க: மோட்டார் வெச்ச மைட்டர் பெட்டி. லாங்டனோட நேரடி வாரிசுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி.

வீட்டுக்கு உள்வேலை செய்யற தச்சர்களுக்கு, அதாவது கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் சுவரோரத்துக்கும் பட்டி அடிக்கிறவங்களுக்கு, இது வரப்பிரசாதம். வேனில் போட்டு சைட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். பாயற குணம் இல்லை, ரம்பம் மேலே கீழே மட்டும்தான் போகும். ஆனா தூக்க வசதியா இருக்கணும்னு மேடையைக் குறைச்சுட்டாங்க. பதினாறு அடிப் பட்டியை வெச்சா ரெண்டு முனையும் தொங்கும். தச்சர்கள் என்ன பண்ணினாங்க? ரெண்டு பக்கமும் பலகை போட்டு, மேடையோட உயரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, அதில் ஒரு ஸ்டாப்பும் அடிச்சுக்கிட்டாங்க. மெஷின்காரன் வெட்டிப் போட்ட மேசையைத் தச்சர் திரும்ப ஒட்டிக்கிட்டார்.

கீல் ரம்பத்தில் இன்னொரு குறை அகலம். பத்து அங்குல பிளேடால ஏறக்குறைய ஆறு அங்குலப் பலகை வரைக்கும்தான் ஒரே அழுத்தில் வெட்ட முடியும். ரேடியல் ஓரடிக்கு மேல வெட்டும். 1980-களில் ஜப்பான்காரங்க, ஹிட்டாச்சி, மகிட்டா எல்லாம், கீலுக்கு அடியில் ரெண்டு தண்டவாளத்தைக் கொடுத்து ரம்பத்தை முன்னும் பின்னும் ஓட விட்டாங்க. ரேடியலோட கை மறுபடியும் வந்தாச்சு! ஆனா ஒரு வித்தியாசம். இதில் ரம்பத்தை முதல்ல தூக்கின நிலையிலேயே நம்ம பக்கம் இழுத்து, அப்புறம் கீழே இறக்கி, ஃபென்ஸ் பக்கமா தள்ளி வெட்டணும். பற்கள் நம்ம தள்ளலுக்கு எதிரா வேலை செய்யும், தானா பாயாது. அதே நேர்கோடு, அதே பிளேடு, திசை மட்டும் மாறினதில் எத்தனை விரல் மிச்சமாச்சோ.

அதோட ரேடியலுக்கு வீட்டில் வேலை போச்சு. பிளாக் அண்ட் டெக்கர் டிவால்ட்ங்கற பேரை 1992-ல் மஞ்சள் பெயின்ட் அடிச்சுக் கையில் பிடிக்கிற கருவிகளுக்குன்னு புதுசா இறக்கினாங்க. இன்னிக்கு அமெரிக்க சைட்டுகளில் அதிகம் கண்ணில் படற மைட்டர் ரம்பங்களில் டிவால்டும் ஒண்ணு. பெரியவர் ரேமண்ட் பார்த்திருந்தா சிரிச்சிருப்பாரா அழுதிருப்பாரான்னு தெரியலை.

இந்த மாற்றத்தைக் கண்ணால பார்க்கணும்னா நார்ம் ஏப்ரமோட நியூ யாங்கி ஒர்க்‌ஷாப் நிகழ்ச்சியைப் பாருங்க. 1989-ல் இருந்து 2009 வரைக்கும் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஓடினது. கட்டம் போட்ட சட்டை, தாடி, அமைதியான பேச்சு. ஆரம்ப வருஷங்களில் அவரும் ரேடியல்தான் இழுத்துக்கிட்டு இருப்பார். பின்னாடி மைட்டர் ரம்பத்துக்குன்னே ஒரு பெஞ்ச் செஞ்சு காட்டினார். ஒரு தலைமுறை அமெரிக்க ஹாபி தச்சர்களுக்கு அவர்தான் வாத்தியார். அவர் பட்டறையில் எது இருக்கோ அது தனக்கும் வேணும்னு கிளம்பினவங்க எத்தனை பேரோ!

நான் என் மேசைக்கு அளவு எடுத்தது இன்னொரு பெரியவர் கிட்ட. போன வருஷம் பக்கத்து ஊரில் ஒருத்தர் வீட்டைக் காலி பண்ணிட்டு மக வீட்டுக்குப் போறார், கராஜில் இருக்கிற சாமான் எல்லாம் விக்கிறார்னு கிளாம்ப் வாங்கப் போனேன். சுவர் முழுக்க மேசை, நடுவில் பழைய ரேடியல். அறுபது டாலருக்கு எடுத்துக்கோன்னார். அந்தத் திரும்பப் பெறும் அறிவிப்பில் இலவசமா வந்த மூடி, பிரிக்காத அட்டைப்பெட்டியில் அப்படியே பரண்ல இருந்தது. மாட்டவே இல்லையான்னு கேட்டேன். பத்து விரலையும் விரிச்சுக் காட்டிச் சிரிச்சார்.

மெஷினை நான் எடுக்கலை. அவர் ஜெயிச்சது அவர் பழக்கத்தால, அந்தப் பழக்கம் அறுபது டாலர்ல சேர்த்தி இல்லையே. என் வேலை விரல்ல தட்டச்சு பண்ற வேலை வேற. ஆனா அந்த ஃபென்ஸை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னேன். இடது பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்து. சமையலறைக் கதவு. தொட்டில் சட்டம். தபால் பெட்டி. ஸ்டாப்பை எங்கெங்க நிறுத்தினார்ங்கற கணக்கு. முப்பது, நாப்பது வருஷமா அந்த வீட்டுக்குச் செஞ்ச சாமான் எல்லாம் அந்தக் கட்டையில் நீளமா பதிவாகியிருந்தது. மேசை சுவரோட அடிச்சது, பிடுங்க முடியாது. டேப் எடுத்து அளந்துக்கிட்டு வந்தேன்.

அவர் மேசையில் இடது பக்கம் ஏழு அடி, வலது பக்கம் மூணு. என்னுதும் அதே. நடுவில் ரம்பத்துக்கு ரெண்டு அடி, ஆக மொத்தம் பன்னிரண்டு. இடது மேசை ஏழு, ரம்பத்தோட பாதி ஒண்ணு, பிளேடு வரைக்கும் சரியா எட்டு அடி. இங்கே கடையில் கட்டைகள் சாதாரணமா எட்டடியில்தான் வரும், முழுக்கட்டையையும் தாங்கும். வலது பக்கம் மூணு போதும், வெட்டின மிச்சம் விழற இடம்தானே. இடது கைப் பழக்கம் உள்ளவங்க இதைத் திருப்பிப் போட்டுக்கலாம்.

ரம்பத்தோட மேடை நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி உயரம். அதனால ரம்பம் நிக்கிற தட்டை அந்த அளவுக்குக் கீழே இறக்கி, மேடையும் ரெண்டு பக்க மேசையும் ஒரே மட்டத்தில் வரணும். தட்டுக்கு அடியில் நாலு போல்ட் வெச்சுட்டேன், திருகித் திருகி மட்டம் பிடிக்கலாம். இதை முக்கால் அங்குல பிளைவுட்ல நேரா ஆணி அடிச்சுட்டு, அப்புறம் மழைக்காலத்தில் மரம் ஊதினதும் அவதிப்படறவங்க நிறைய பேர்.

ஃபென்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். மேசையோட ஃபென்ஸும் ரம்பத்தோட ஃபென்ஸும் ஒரே கோட்டில் இருக்கணும்னுதான் தோணும். வேண்டாங்க. கடையில் வாங்கற கட்டை எதுவும் நேரா இருக்காது, லேசா வில் மாதிரி வளைஞ்சிருக்கும். நீள ஃபென்ஸில் எங்கேயோ ஒரு இடத்தில் முட்டி, ரம்பத்துக்கிட்ட விலகி நிக்கும். வெட்டும்போது ஆடும், கோணம் போச்சு. மேசை ஃபென்ஸை ஒரு எட்டில் ஒரு பங்கு அங்குலம் பின்னுக்குத் தள்ளி வெச்சுட்டா, மரம் ரம்பத்தோட ஃபென்ஸில்தான் சாயும். கோணத்துக்கு ரம்பம் பொறுப்பு, நீளத்துக்கு ஸ்டாப் பொறுப்பு. மேசை ஃபென்ஸோட வேலை ஸ்டாப்பைப் பிடிச்சுக்கறது மட்டும்தான்.

இன்னொரு தலைவலி ஆழம். தண்டவாள ரம்பங்களில் தண்டு பின்னாடி நீட்டிக்கும், சுவரில் இருந்து மேசையை ஒரு அடிக்கு மேல தள்ளி வெக்கணும். ரேடியல் சுவரோட ஒட்டி நின்ன சுகம் இதில் போயிடுச்சு. 2010 வாக்கில் பாஷ் கம்பெனி தண்டவாளத்துக்குப் பதிலா முழங்கை மாதிரி மடங்கற ஒரு கையைக் கொண்டு வந்தாங்க, இன்னும் சில கம்பெனிகள் தண்டை முன்பக்கம் மாத்தினாங்க. ஏன் இவ்வளவு மெனக்கெடல்? சைட்டில் திறந்த வெளியில் வேலை பார்க்கிற தச்சருக்குப் பின்னாடி தண்டு நீட்டினா என்ன நீட்டாட்டா என்ன. சுவரோட மேசை போடறவனுக்குத்தான் அது வேணும். மேசை இப்போ மெஷினோட உடம்பையே மாத்த ஆரம்பிச்சிருக்கு பாருங்க.

மேசை ஃபென்ஸ் மேல, வலமிருந்து இடமா எண் ஓடற ஒட்டுற டேப் ஒட்டியிருக்கேன், பிளேடுதான் பூஜ்யம். அதில் நகர்ற ஒரு ஸ்டாப், வேண்டாத போது மேலே தூக்கி விட்டுக்கலாம். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெக்கணும். பிளேடு மாத்தினா பல்லோட அகலம் மாறும், மெல்லிசு பிளேடுக்கும் தடி பிளேடுக்கும் பூஜ்யம் ஒரு மயிரிழை தள்ளிப்போகும். அதனால மாத்தின உடனே ஒரு ஓரத்துண்டை வெட்டி, அளந்து, ஸ்டாப்போட ஊசியை அதுக்குத் தகுந்த மாதிரி நகர்த்திட்டுத்தான் அடுத்த கட்டையைத் தொடறது. டேப்புக்கு மேலே ஃபென்ஸை வார்னிஷ் அடிக்காம விட்டு வெச்சிருக்கேன், பென்சில் பிடிக்கணும்ல.